சத்தமே இல்லாத கேசட்

— பத்து நாப்பத்திரண்டு. 'கீறல் வந்தான். தனியாக.' பத்து நாப்பத்தெட்டு. 'கீறல் போய்விட்டான்.' இன்னா வாணி இது? உன் கையெழுத்துதானே?

— ஒரு கைல ரேசரு, ஒரு கைல நோட்டு. கன்னத்த வெட்டிக்கப் போறீங்க. அந்த நோட்டு எப்படி உங்க கைக்கு வந்திச்சு?

— அரிசி டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சா, அரிசி தின்றவன் கைக்குத்தான் வரும். பேச்ச மாத்தாத. உன்னுதா, இல்லியா?

— என்னுதுதான்.

— ஆங். ஒத்துக்கினியே. கீறல்னா யாரு?

— பொறுங்க. எட்டு மணி ஆயிடுச்சு. ஒன்பதுக்கு ஆபீஸ்ல, அந்தப் பாறை விழுந்த கேஸு என்கொயரி. உங்கள கூட்டிக்கினு போவ பிரதாப் வேற சைக்கிள்ல வந்து நிப்பாரு. சோப்பு காயறதுக்குள்ள ஷேவ் பண்ணி முடிங்க. சாயங்காலம் பேசலாம்.

— என்கொயரி எங்கயும் ஓடிடாது. என்கூட பாறை தட்டுற தசரதன் பொய் சொல்றான்னு சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். நீ அங்கியே அடுப்பாண்ட நின்னு சொல்லு. நான் கண்ணாடிய பாத்து ஷேவ் பண்ணிக்கினே பதில் சொல்றேன்.

— கீறல்னா ஒரு டால்பின்.

— இன்னாது?

— டால்பின்ங்க. கடல்ல இருக்குமே. முதுகுத் துடுப்புல ஒரு கீறல் இருக்கு, அதனால அந்தப் பேரு.

— தங்க வயல்ல டால்பின்! பங்காருபேட்டையில ரயில் ஏறி அர நாள் குந்திக்கினு போனாதான் கடல் காத்தே அடிக்கும். பாலகாட் லைன் வீட்டுக்கு டால்பின் வந்து போவுதாம். கேட்டுக்கோ, கீறல் யாருக்குக் கீதுன்னு எனக்குத் தெரியும். கொர்னேலியஸுக்கு. தாடையில. கல்லு தெறிச்ச கீறல். ரத்தம் சொட்டச் சொட்ட அவன தோள்ல போட்டுக்கினு சுரங்கத்துலேர்ந்து மேல வர்ற கேஜு லிஃப்டுக்கு ஓடுனது நான்தான்.

— கொர்னேலியஸ் சார் கார்வார்ல, கடற்கரை ஊர்ல இருக்காரு. கம்பெனிய விட்டுப் போயி நாலு வருஷம் ஆச்சு.

— ஆளு போனான், கேசட் வருதே! கல்யாணத்துக்கு முந்தி ஒரே ரூம்ல வேல பாத்தவங்க ரெண்டு பேரும்.

— ரூம் இல்லங்க, ஆபீஸ். பூமிக்குள்ள பாறை வெடிக்கிறத பதிவு பண்ற மெஷின் ஆபீஸ். அவரு மெஷின பாத்துக்குவாரு, நான் காகிதத்துல விழுற கோட்டை எண்ணுவேன். எட்டு பேரு இருந்தோம்.

— அந்த எட்டு பேர்ல உனக்குக் கேசட் அனுப்புறவன் ஒருத்தன்தான்.

— கல்யாணமாகி பதினோரு வருஷத்துல ஒரு நாளாவது சந்தேகப்பட்டிருக்கீங்களா? இன்னிக்கு இன்னா வந்திச்சு?

— இன்னிக்கு வர்ல. ஒரு வருஷமா உள்ள வெச்சுக்கினு கீறேன். ஒண்ணொண்ணா சொல்லட்டுமா? தபால்காரன் நாகேஷ். முந்தியெல்லாம் தெருமுனையிலியே சைக்கிள் மணி அடிச்சுக்கினு வருவான். இப்ப? பூனை மாதிரி வர்றான். சத்தமே கெடயாது. கவர உன் கைல குடுத்துட்டுப் போயிடுறான். மணி அடிக்காதன்னு நீ சொல்லி வெச்சிருக்க.

— அய்யோ கடவுளே. நாகேஷா? அவரு மணி அடிக்கிற அடியில பக்கத்து வீட்டு ரத்தினம்மாக்கா தூக்கம் கெட்டுப்போவுதுன்னு தெனம் சண்ட போடுது!

— ரெண்டு. உன் கொலுசு.

— கொலுசுக்கு இன்னா?

— மணிய கழட்டிட்ட. முந்தி நீ வாசல் கேட்டுக்குப் போனா ஜல் ஜல்லுன்னு இங்க கேக்கும். இப்ப நீ எழுந்து போறதும் தெரியல, வர்றதும் தெரியல. புருஷன் கண்ணயர்ந்தா பொண்டாட்டி சத்தமில்லாம கேட்டுக்குப் போறா. இது இன்னா பழக்கம்?

— ஏங்க, இங்க பாருங்க. என் கால பாருங்க. ஒவ்வொரு கால்லயும் பன்னெண்டு மணி. நீங்க வாங்கிக் குடுத்த அதே கொலுசு. இப்ப நடக்குறேன். கேக்குதா?

— ...மெதுவா நடக்குற. வேணும்னே.

— குதிக்கிறேன். இப்ப?

— நம்ம பொண்ணு பல்லவி மாதிரி குதிக்காத. மூணாவதச் சொல்றேன், அதுதான் பெருசு. உன் கேசட்ட நேத்து நீ கடைக்குப் போனப்ப போட்டுக் கேட்டேன். முழுசா.

— கேட்டீங்களா? எப்படி இருந்திச்சு?

— எப்படி இருந்திச்சா! வெத்து கேசட்டுடி அது! 'ஸ்ஸ்'னு கூட இல்ல, ஒரு 'ஊ'ன்னு எரைச்சல், அவ்ளோதான். பாட்டு இல்ல, பேச்சு இல்ல. அந்த வெத்து கேசட்டு முன்னாடி நீ குந்திக்கினு தெனம் ஒரு மணி நேரம் சிரிக்கிற. உன் மூஞ்சியில ஒரு வெளிச்சம் வருது பாரு, அந்த வெளிச்சம் பதினோரு வருஷத்துல என்னப் பாத்து வந்ததில்ல. ஒருத்தன் வெத்து கேசட்டு அனுப்புறான், ஒருத்தி அதக் கேட்டு சிரிக்கிறா. இதுக்கு இன்னா அர்த்தம்? ரெண்டு பேருக்கும் ஏதோ சங்கேதம் கீது.

— வெத்து கேசட்டா?

— ஆமா. இந்தக் காது பொய் சொல்லாது. பதினெட்டு வருஷமா சுரங்கத்துல தலைக்கு மேல இருக்குற பாறைய தட்டித் தட்டி, உள்ள பொய் கீதா நெஜம் கீதான்னு சொன்ன காது.

— பொறுங்க. அந்த டேப் ரிகார்டர இங்க வெக்கிறேன். மூஞ்சிய தொடச்சுக்கினு பக்கத்துல வந்து உக்காருங்க. இந்தா, ஏ பக்கம். முழு வால்யூம். ம்... இப்ப. கேட்டீங்களா?

— இன்னா கேக்கணும்?

— இப்ப ஒரு விசில் வந்திச்சே. 'ஃப்வீஈஈ'ன்னு ஏறி, கடைசியில ரெண்டு தபா மடங்கும். அதான் கீறல். ஒவ்வொரு டால்பினுக்கும் சொந்தமா ஒரு விசில் உண்டு. நமக்குப் பேரு மாதிரி. குட்டி தொலைஞ்சா தன் விசில விட்டுக்கினே இருக்கும், அம்மா அத வெச்சுக் கண்டுபுடிச்சு வரும். கொர்னேலியஸ் சாரு போட்டுலேர்ந்து தண்ணிக்குள்ள மைக்க எறக்கிப் புடிக்கிறாரு. எந்த விசில் எத்தனாவது நிமிஷம் வருதுன்னு எழுதி அனுப்ப நல்ல காதுள்ள ஆளு தேடினாரு. எனக்கு எழுதினாரு. பத்து நாப்பத்திரண்டுன்னா கடிகார மணி இல்ல. டேப்புல பத்து நிமிஷம் நாப்பத்திரண்டு செகண்டு.

— நல்ல காதா! இந்த வீட்ல காதுன்னா அது என்னுது. உனக்கு எப்ப வந்திச்சு நல்ல காது?

— பொறந்தப்பவே வந்திச்சு. நீங்கதான் கேட்டதில்ல. இதோ, இப்ப! 'டிக் டிக் டிக்'குன்னு வருது பாருங்க. அது விசில் இல்ல. கலங்கின கடல்ல கை நீட்டினா கை தெரியாது. ஆழம் போனா வெளிச்சமே கெடயாது. அங்க டால்பின் இன்னா பண்ணுது? நெத்தியிலேர்ந்து ஒரு 'டிக்' விடுது. அது மீன்மேல பட்டுத் திரும்பி வருது. எவ்ளோ சீக்கிரம் திரும்புதோ, அவ்ளோ கிட்ட மீனு. திரும்பி வர்ற சத்தத்துல மீனு எவ்ளோ பெருசு, எந்தப் பக்கம் ஓடுதுன்னு கூட அதுக்குத் தெரியும்.

— அட. அது நம்ம வேலையாச்சே. கடப்பாரையால தட்டி, திரும்பி வர்ற சத்தத்த கேக்குறது.

— அதான்! அந்த சந்தோஷத்துலதான் சிரிச்சேன், போதுமா? ஒவ்வொரு தபாவும் உங்க ஞாபகம்தான் வந்திச்சு.

— அது எந்தக் காதால கேக்குது?

— காது ஊசி நுழையற ஓட்டைதான். அது கேக்குறது கீழ்த்தாடையால. தாடையில ஒரு கொழுப்பு இருக்கு, அது வழியாத்தான் சத்தம் உள்ள போவுது.

— தாடையாலயா? சுத்திச் சுத்தி மறுபடியும் தாடைக்கே வந்துட்ட பாரு.

— உங்களோட இன்னா பண்றது! ஆங், இது, இது! டிக் டிக் நெருங்கி நெருங்கி 'ட்ர்ர்ர்'ன்னு ஒரே இழுப்பா வருதே. மைக்க இன்னான்னு பாக்க மூக்குகிட்டயே வந்துடுச்சு. இதத்தான் நோட்டுல 'வந்தான்'னு எழுதுறேன். கேட்டீங்கல்ல?

— எனக்கு ஒண்ணும் கேக்கல.

— சும்மா சொல்லாதீங்க.

— சும்மா சொல்றது நீ. ஊன்னு எரைச்சல். அவ்ளோதான். சரி, அத வுடு. கடைசிப் பக்கத்த படிக்கிறேன், கேட்டுக்கோ. 'செவ்வாய். நாலு இருபது. தனியாக வந்தது. சத்தம் இல்லை. கிட்டே வந்து நின்றது. திரும்பிப் போயிற்று.' மத்ததுல எல்லாம் கெழம இல்ல. இதுல மட்டும் இன்னாத்துக்குக் கெழம?

— அது... கேசட்டு வந்த நாளு.

— சத்தம் இல்லாம வந்தத நீ எப்படிக் கேட்ட?

— அதுங்க சில நேரம் வாய மூடிக்கினு வரும். சத்தம் போட்டா எர உஷாராயிடும். தண்ணி தள்ளுறது மட்டும் லேசா கேக்கும்.

— ம்.

— நம்பலையா?

— போன செவ்வாக்கெழம எனக்கு ரெண்டாவது ஷிஃப்ட். ரெண்டு மணிக்கே சுரங்கத்துல எறங்கிட்டேன்.

— பொறுங்க. கேசட்ட திருப்புறேன். பி பக்கம். இதுல டால்பின் இல்ல, திமிங்கலம். வேற ஒருத்தர் தூரக் கடல்ல எடுத்தத சாரு காப்பி பண்ணி அனுப்பினாரு. இத கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க.

— ...

— இன்னா, மூஞ்சி மாறுது?

— இது கேக்குது.

— கேக்குதா?

— நல்லா கேக்குது. 'ம்ம்ஊஊ'ன்னு. சுரங்க ஷாஃப்ட்ல கேஜு இழுக்குற பெரிய சக்கரம் சுத்த ஆரம்பிக்கும் பாரு, அதுமாதிரி. நெஞ்சுல வந்து ஒக்காருது. இன்னா சத்தம் வாணி இது! யாரையோ கூப்புடுதா?

— அப்படித்தான் சொல்றாங்க. கனமான சத்தம் தண்ணியில கரையாது. ஒரு திமிங்கலம் கூப்பிட்டா பல மைல் தள்ளி இன்னொண்ணுக்குக் கேக்குமாம். காத்துல போறதவிட தண்ணியில சத்தம் நாலு மடங்குக்கு மேல வேகம். டால்பினோட விசில் மெல்லிசு, கூரு. அது ரொம்ப தூரம் போவாது.

— மெல்லிசு.

— ஆமாங்க. கம்பி மாதிரி.

— கொலுசு மாதிரி.

— ...ஏங்க. டேப்ப நிறுத்துறேன். இப்ப நான் சொல்றத கொஞ்சம் அமைதியா... இல்ல, பொறுங்க. வெளிய கேட்ல இப்ப இன்னா சத்தம்?

— ஒரு சத்தமும் இல்ல.

— நிச்சயமா?

— காக்கா கூட கத்தல.

— அண்ணீ! அண்ணன் இன்னும் கெளம்பலியா? நான் பிரதாப் வந்து அஞ்சு நிமிஷமா பெல் அடிச்சுக்கினே கீறேன். கையே வலிக்குது!

— இதோ வர்றாரு பிரதாப், சட்ட போட்டுக்கினு இருக்காரு! கேட்லயே நில்லுங்க.

— பேகா அண்ணா, சீக்கிரம்! தசரதண்ணன் எப்பவோ ஆபீஸுக்குப் போய் பெஞ்சுல ஒக்காந்துட்டாரு. கூட பொண்டாட்டி புள்ளைங்க வேற. பாக்க முடியல. சீக்கிரம் முடிச்சுட்டு வந்துடலாம்.

— வாணி. அவன் பெல் அடிச்சானா?

— அடிச்சாரு. விடாம அடிச்சாரு.

— சைக்கிள் பெல்லா?

— ஆமாங்க.

— நாகேஷும் அடிக்கிறானா?

— தெனமும்.

— கொலுசுல மணி...

— இருக்கு. பன்னெண்டு. ஒக்காருங்க. நான் முதுகு காட்டிக்கினு பேசினா நீங்க பதில் சொல்றதே இல்ல. கோவம்னு நெனச்சேன். பல்லவி கூப்பிட்டா திரும்புறது இல்ல. 'அப்பாவுக்கு என்ன புடிக்கலியாம்மா'ன்னு அழுதா. புள்ளைய நான்தான் அதட்டினேன்.

— ஆனா நீ பேசுறது எனக்குக் கேக்குதே! இப்ப பேசிக்கினுதானே கீறோம்!

— கேக்குறீங்களா, பாக்குறீங்களா? சுரங்கத்துல டிரில் ஓடுற எரைச்சல்ல எப்படிப் பேசிக்குவீங்க?

— வாய பாத்து. எங்க காங்கு ஆளுங்க எல்லாருமே அப்படித்தான். எட்டு வருஷம் டிரில் புடிச்சேன், பத்தடி தள்ளி நிக்கிறவன் உதட்ட பாத்தே திட்டுறானா கூப்புடுறானான்னு சொல்லிடுவேன். அதுக்கு அப்புறம்தான் இந்தத் தட்டிப் பாக்குற வேல குடுத்தாங்க.

— வீட்லயும் அதத்தான் பண்றீங்க. உங்களுக்கே தெரியாம. டால்பின் காதால பாக்குது. நீங்க கண்ணால கேக்குறீங்க.

— போதும், நிறுத்து.

— ஏங்க...

— நிறுத்துன்னேன்! எனக்கு இன்னா தோணுதுன்னு உனக்குத் தெரியாது. ஒரு வருஷமா கூரைய எங்க தட்டினாலும் 'டொப்பு'ன்னுதான் கேக்குது. நல்ல பாறைன்னா கணீர்னு கேக்கணும். உள்ள விரிசல் கீதுன்னா டொப்பு. எங்க போனாலும் டொப்பு, எந்த லெவல்ல தட்டினாலும் டொப்பு. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? பாறைக்கு வயசாயிடுச்சு. நூறு வருஷமா கொடைஞ்ச கெணறு, அதோட கொரலு செத்துப்போச்சு. மைன்ஸ மூடப் போறாங்கன்னு ஊரே சொல்லுதே, அது பாறைக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். என் காதுன்னு ஒரு நாளும் நெனைக்கல.

— அப்ப எப்படிங்க சொன்னீங்க, இது நல்ல கூரை, இது கெட்ட கூரைன்னு?

— எல்லாத்தையும் கெட்டதுன்னு சொன்னா காங்கு முழுக்க சும்மா நிக்கணும். ஃபோர்மேன் சிரிப்பான். அதனால தட்டிட்டு, ஓரக்கண்ணால தசரதன் மூஞ்சிய பாப்பேன். அவன் மொகம் சுளிச்சா 'வேணாம்'னு சொல்லுவேன். சும்மா இருந்தா 'போலாம்'னு சொல்லுவேன். எல்லாரும் 'செல்வமணி காது காதுய்யா'ன்னாங்க.

— அன்னிக்கு?

— அன்னிக்குத் தட்டினேன். டொப்பு. அவனப் பாத்தேன். அவன் தொப்பி லாம்பு நேரா என் கண்ணுல அடிச்சிது. மொகம் தெரியல, வாயும் தெரியல. வெளிச்சம் மட்டும்தான். 'போலாம்'னு சொன்னேன். காங்கு ஆளு முனிரத்தினம் உள்ள போனான்.

— பாறை விழுந்திச்சு.

— ரெண்டு காலும். ஆஸ்பத்திரியில கெடக்குறான். தட்டிப் பாக்குற ரெண்டு பேர்ல ஒருத்தர் 'வேணாம்'னு சொன்னாலும் யாரும் உள்ள போவக்கூடாது. அது ரூல். தசரதன் 'நான் வேணாம்னு சொன்னேன், ரெண்டு தபா சொன்னேன்'ங்கறான். நான் எழுதிக் குடுத்திருக்கேன் வாணி. 'தசரதன் வாயே திறக்கவில்லை. அவன் சொல்லியிருந்தால் என் காதில் விழாமல் போகாது'ன்னு. கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கேன்.

— இன்னிக்கு அதையே சொன்னா?

— அவன் வாய மூடிக்கினு நின்னு ஆள சாகக் குடுக்கப் பாத்தான்னு ஆவும். வேல போயிடும். மூடுற நேரத்துல இப்படி வெளிய போனா கைல ஒண்ணும் வராது. அவனுக்கு மூணு பொட்டப்புள்ள.

— காது கேக்கலன்னு சொன்னா?

— எனக்கு அண்டர்கிரவுண்டு முடிஞ்சுது. மேல லாம்பு ரூம்ல ஒக்கார வெப்பாங்க, இல்ல வீட்டுக்கு அனுப்புவாங்க. ஊரு முழுக்க 'செவுடன் தட்டி முனிரத்தினம் கால் போச்சு'ம்பாங்க.

— சொல்லப் போறீங்களா?

— அத வுடு. எனக்கு இன்னொண்ணு உறுத்துது. சொன்னா சிரிக்காத.

— சிரிக்கல.

— அந்த விசிலு கொர்னேலியஸுக்குக் கேக்குது. உனக்குக் கேக்குது. எங்கியோ கார்வார்ல குந்திக்கினு அவன் கேட்டத, நீ இங்க குந்திக்கினு கேக்குற. நடுவுல ஒரு கட்டில் தூரத்துல நான் படுத்துக்கினு கீறேன், எனக்குக் கெடயாது. டால்பின் உங்க ரெண்டு பேருக்கு. எனக்குத் திமிங்கலம்.

— திமிங்கலம் பெருசுதானேங்க.

— பெருசுதான். ஆனா நீ அதுக்கு சிரிக்கலியே. சரி. நேரமாச்சு. பாதி கன்னம் அப்படியே நிக்குது. காபி போடு, அதுக்குள்ள இத முடிச்சுடுறேன்.

— போடுறேன். பால் கொதிக்குது.

— என்கொயரில இன்னா சொல்றதுன்னு யோசிக்கணும். கொஞ்சம் பேசாம இரு.

— ஏங்க.

— ...

— ஏங்க... கேக்கலையா? காபிக்கு சர்க்கர போடவா?

— ...

— கேக்கல. முதுகு காட்டிக்கினு நிக்கிறீங்க, எப்படிக் கேக்கும்? நல்லதுதான். உங்க மூஞ்சிய பாத்து எனக்கு இத சொல்ல வராது. நோட்டுல அந்தக் கடைசிப் பக்கம் டால்பின் இல்லீங்க. போன செவ்வாக்கெழம நாலு இருபதுக்கு கொர்னேலியஸ் வந்தாரு. கேட் வரைக்கும். மணி அடிக்கல, கூப்புடல. நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். தொறக்கல. திரும்பிப் போயிட்டாரு. ஆனா தொறக்கணும்னு இருந்திச்சு. உள்ளயே வெச்சுக்க முடியல, அதான் எழுதினேன்.

— ...

— அவ்ளோதான். சொல்லிட்டேன்.

— வாணி! துண்டு எங்க?

— கொடியில கீது... இருக்கு. இந்தாங்க.

— எதாச்சும் சொன்னியா?

— இல்லியே. காபி ஆறுதுன்னேன்.

— ஆறட்டும். ஆறுன காபியும் காபிதான். குடு.

— கன்னத்துல ரத்தம் வருது. வெட்டிக்கிட்டீங்களா? அப்பவே சொன்னேன்.

— கை கொஞ்சம் நழுவிடுச்சு. ஒண்ணுமில்ல.

— அண்ணா! எட்டு நாப்பது ஆச்சு! ராபர்ட்சன்பேட்டை ரோட்ல மேடு வேற மிதிக்கணும்!

— பிரதாப் கூப்புடுறாரு. எட்டு நாப்பதாம்.

— இந்தக் கொரலு கேக்குது. அவன் கொரலு திமிங்கலம்.

— இன்னா சொல்லப் போறீங்க அங்க? முடிவு பண்ணிட்டீங்களா?

— பண்ணிட்டேன். தசரதன் சொன்னான், எனக்குக் கேக்கல. அவன் பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடியே சொல்லிடுறேன். எழுதிக் குடுத்தத திருப்பி வாங்கிக்கிறேன். கேட்டுக்கோ வாணி, ஒருத்தர் சொன்னது நம்ம காதுல விழலன்னா, அவங்க சொல்லவே இல்லன்னு ஆயிடுமா?

— ஆவாதுங்க.

— ஆவாது இல்ல? அதான். கொர்னேலியஸுக்கு அந்த நோட்ட அனுப்பிடு. அவன் வேல நிக்கக் கூடாது. கடைசிப் பக்கத்த மட்டும் கிழிச்சுட்டு அனுப்பு. சத்தம் இல்லாதது அவனுக்கு எதுக்கு?

— ...சரிங்க.

— அப்புறம் அந்தக் கண்ணாடிய ஜன்னலாண்டயிலேர்ந்து எடுத்து வேற செவுத்துல மாட்டு.

— ஏங்க, வெளிச்சம் அங்கதானே நல்லா விழுது?

— அதனாலதான் சொல்றேன். அடுப்பாண்ட நின்னு பேசுறவங்க வாய், அதுல எழுத்து எழுத்தா தெரியுது.